மணி அடிக்காத பாடம்

"எடுங்க மேடம், மாமியாராத்தான் இருக்கும்," என்றான் இசக்கிராஜ், தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

கனகமணி கை கழுவிக்கொண்டு வருவதற்குள் போன் மேஜை மேல் நடுங்கி நடுங்கி ஊர்ந்து, ஊறுகாய்ப் பாட்டிலில் முட்டிக்கொண்டு நின்றது.

"மாமியாரோ மனுசங்களோ, எடுத்தாத்தானுங்க தெரியும்."

"எடுத்தாலும் தெரியாது. அதானே மேடம் இப்பப் பிரச்சினையே."

அவன் சொன்னதில் தப்பில்லை. தொழிலாளர் துறையில் கடைகளையும் பட்டறைகளையும் ஆய்வு செய்யும் உதவி ஆய்வாளர்கள் இருவரும். அவர்களுக்கு வகுப்பறையில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கிற காலம் மலையேறிவிட்டது. சட்டம் படிப்பதும் போனில், தேர்வு எழுதுவதும் போனில். தேர்வு என்றால் பேனா பிடிக்கிற தேர்வில்லை. போன் அடிக்கும், எடுத்தால் ஆள் பேசும். எகிறுகிற முதலாளி பேசுவார், அழுகிற தையல்காரி பேசுவாள், கட்சிக்காரர் மிரட்டுவார். அத்தனையும் இயந்திரம் கட்டுகிற குரல். பதில் சொல்லுகிற பக்குவத்துக்கு மதிப்பெண். பொதுமக்களின் நிஜப் புகார்களும் அதே போனில், அதே செயலிக்குள்தான் வந்து விழும்.

ஆரம்பத்தில் பாடம் வந்தால் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதனால் என்ன ஆயிற்று? மணி கேட்டால் "சொல்லுங்கண்ணே, அழாதீங்கக்கா" என்று தேன் ஒழுகும். மணி கேட்காவிட்டால் "சீக்கிரம் சொல்லுய்யா, வேலை கெடக்கு" என்று வரும். சென்னைத் தலைமை அலுவலகத்தில் இதைக் கண்டுபிடித்து, இந்த வருஷத்திலிருந்து மணியை எடுத்துவிட்டார்கள். எது பாடம், எது மனிதர் என்று போன் இனிச் சொல்லாது. மதிப்பெண் மட்டும் மாதக் கடைசியில் வரும். சோதிக்கிறோம் என்று சொல்லாமலே சோதிக்கிற அந்தச் செயலிக்கு ஆய்வாளர்கள் தங்களுக்குள் வைத்த பெயர்தான் மாமியார்.

இனி எல்லாரிடமும் பணிவாகப் பேசித்தானே ஆக வேண்டும் என்று சென்னையில் நினைத்தார்கள். நடந்தது வேறு. சிலர் எல்லாரையும் மனிதர் என்று எடுத்துக்கொண்டார்கள். சிலர் எல்லாரையும் பாடம் என்று எடுத்துக்கொண்டார்கள். இசக்கிராஜ் இரண்டாவது ரகம். நாள் தவறாமல் ஒரு கிழவர் அவனைக் கூப்பிட்டு, வாட்ச்மேன் வேலையில் தனக்கு வாரலீவு தருவதில்லை என்று முதலிலிருந்து சொல்லுவார். "தாத்தா, நேத்தும் இதே வசனந்தான் பேசுனிய. புதுசா எதாவது எழுதித் தரச் சொல்லுங்க," என்பான் இவன். கிழவர் குழம்பிப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

கனகமணி யாரையும் அப்படிக் கேலி செய்ய மாட்டாள். கோபிச்செட்டிபாளையத்துக்காரி. வேலை திருநெல்வேலியில். கணவர் லாரியோடு வடக்கே போனால் திரும்ப மாதமாகும். மகள் மிதுனா கோபியில் அண்ணன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். இந்தப் பயிற்சியில் தேறிவிட்டால் ஈரோட்டுக்கு மாற்றல் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அந்த ஒரு நினைப்புத்தான்.

போனை எடுத்தாள். "வணக்கங்க, சொல்லுங்க."

"புகாரெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றது ஒரு பெண்குரல். கொஞ்சம் வயசான குரல், மூச்சு வாங்குகிற குரல். "ஒரு சந்தேகந்தான். கடையில வேலை பாக்கவங்க உக்காரலாம்னு சட்டம் இருக்காமே, நெசமா?"

கனகமணிக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரம் போனில் அவள் படித்த பாடமே அதுதான். நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்குக் கடைக்காரர் இருக்கை தர வேண்டும், நடுநடுவே உட்கார விட வேண்டும். பாடத்தின் கடைசியில் இருக்கிற கேள்வியைப் பிய்த்து எடுத்துக் கேட்டது போலிருந்தது. மாமியார்தான், சந்தேகமே இல்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

"நெசந்தானுங்கக்கா. உங்க கடையில நாற்காலி இல்லீங்களா?"

"இருக்கு தாயி, வரிசையா இருக்கு. வாங்கிட்டு வந்த பிளாஸ்டிக் கவரோட இருக்கு. கவர் கசங்குனா, யாரு உக்காந்ததுன்னு கேப்பாவ."

"அப்பறம் எதுக்குங்க நாற்காலி?"

"ஆபீசருமாரு வந்தா காட்டத்தான்."

பரவாயில்லையே, மாமியார் இந்த வருஷம் நன்றாகத்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் கனகமணி.

அடுத்த நாளும் அதே குரல் வந்தது. அதற்கடுத்த நாளும். கடையில் சாப்பாட்டு வேளையில், மாடிப்படிக்கு அடியில் நின்று பேசுகிறதாம். எடுத்ததும் "சாப்ட்டியா?" என்று கேட்கும். புகார் சொல்ல வருகிற எந்த மனுஷி அதிகாரியைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள்? அதுவும் நீ, வா, போ என்று? சென்னையில் யாரோ நல்ல மனசுக்காரப் பெண் உட்கார்ந்து இந்த வசனத்தை எழுதியிருக்கிறாள் என்று பட்டது. இயந்திரம்தானே என்கிற தைரியத்தில் கனகமணியும் உள்ளதை உள்ளபடி பதில் சொல்லத் தொடங்கினாள்.

"இன்னும் சாப்பிடலீங்க. உங்க காலு இன்னைக்கு எப்படிங்க இருக்குது?"

"காலா? பச்சை பச்சையா நரம்பு ஓடுது. பட்டுப் பிரிவுல வாரவங்களுக்கெல்லாம் நான் பார்டர் காட்டுதேன், என் காலுலயும் நல்ல பச்சையில பார்டர் ஓடுது. ஜரிகைதான் இல்ல."

கனகமணி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேஜையிலிருந்து இசக்கிராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ சிரிச்சா நல்லாருக்கு. நேத்து குரலு ஒரு மாதிரி இருந்துச்சே, ஏன்?"

"எங்க புள்ளதானுங்க. போன்ல பேசவே மாட்டேங்குது. எதக் கேட்டாலும் ம்ங்குது, ம்ஹும்ங்குது."

"நீ என்ன கேக்க? சாப்ட்டியா, படிச்சியா, குளிச்சியா, இதான? பெறகு ம்னுதான் சொல்லும். கேக்கத விட்டுரு. உன் கதைய நீ சொல்லு. இன்னைக்கு உன்ன யாரு ஏசுனான்னு சொல்லு. பெத்தவள வேற ஒருத்தி ஏசுனான்னா பிள்ளைகளுக்கு அம்புட்டு சந்தோசம்."

அன்று சாயங்காலம் கனகமணி மகளிடம், மார்க்கெட்டில் ஒரு கருவாட்டுக்கடைக்காரி தன்னைத் தராசுக்கல்லைத் தூக்கிக்கொண்டு விரட்டிய கதையைச் சொன்னாள். மிதுனா மூச்சு முட்டச் சிரித்துவிட்டு, "அப்பறம் என்னாச்சுமா, நீ ஓடுனியா?" என்று கேட்டாள். அவ்வளவு நீளமாக அந்தப் பிள்ளை பேசி எத்தனையோ நாளாயிற்று.

"மேடம், பிள்ளை வளக்கதுக்கு மிஷின்கிட்டயா யோசனை கேக்கீய?" என்றான் இசக்கிராஜ் மறுநாள்.

"நல்ல யோசனையா இருந்துச்சுங்க. யாரு சொன்னா என்னங்க?"

நிஜப் புகார் என்றால் கனகமணிக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. கடையின் பெயரை எழுதவே மாட்டாள். தெருவின் பெயரை மட்டும் எழுதி, 'பொது ஆய்வு' என்று போட்டுக்கொண்டு, அந்தத் தெருவில் இருக்கிற கடை எல்லாவற்றிலும் ஏறி இறங்குவாள். புகார் வந்த கடையில் நிற்கிற அதே நேரம்தான் பக்கத்துக் கடையிலும் நிற்பாள். யார் வாய் திறந்தது என்று எந்த முதலாளிக்கும் பிடிபடாது. அலைச்சல் நாலு மடங்கு. "உங்களுக்குச் செருப்பு வாங்கியே சம்பளம் தீந்துரும்," என்பான் இசக்கிராஜ். அவள் கேட்டுக்கொள்ள மாட்டாள்.

ஆனால் பாடத்தில் அந்த வித்தை எடுபடாது. பாடத்துக்கு வேண்டியது துல்லியம். எந்தக் கடை, எந்த மாடி, எந்தப் பிரிவு, புகார் கொடுத்தவரைப் பற்றி என்ன தெரியும், எல்லாம் இருந்தால்தான் முழு மதிப்பெண். மாதம் முடியப்போகிற சமயம், அந்தக் குரலிடம் கேட்டாள்.

"அக்கா, எந்தக் கடைன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "உங்கிட்ட சொல்லுததுக்கு என்ன? நீ போயி யாருகிட்ட சொல்லப்போற?"

கனகமணியும் சேர்ந்து சிரித்தாள். குரல் சொல்லச் சொல்லத் தட்டினாள். ரதவீதி, கோமளவல்லி சில்க்ஸ், மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவு, பெண் ஊழியர், கால் நரம்பு வீங்கியவர். 'புகார் பதிவு' என்கிற பட்டனை அழுத்திவிட்டு, ஈரோட்டில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் இசக்கிராஜ் ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றான்.

"கெளம்புங்க மேடம். ரதவீதிக்குப் போகணும். கோமளவல்லி சில்க்ஸ்."

"அது பாடத்துல வர்ற கடைங்க இசக்கி."

"பாடமா? போன தீவாளிக்கு எம் பொண்டாட்டி என்னைய பாதி நாளு உக்கார வச்ச கடை மேடம் அது. கஸ்டமருக்குன்னா மெத்தை போட்ட சேரு உண்டு. நோட்டீஸ் நேத்தே கடைக்குப் போயாச்சு. உங்க பேருலதான் போயிருக்கு."

கனகமணி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். பாடத்தில் வருகிற கடைகளுக்கெல்லாம் ஊரில் இல்லாத பெயராகத்தான் வைப்பார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். நேற்று ஏன் அது நினைவுக்கு வரவில்லை?

"பதிவு பண்ணது அப்படியே கடைக்குப் போயிருமுங்களா? எழுதுன அத்தனையும்?"

"ஒரு எழுத்து விடாம போகும். ஏன்?"

"பேரு எழுதலீங்க நானு," என்றாள். "பேரே கேக்கலீங்க. ஆனா காலைப் பத்தி எழுதிட்டனுங்க இசக்கி."

இசக்கிராஜ் வண்டியைக் கிளப்பினான்.

கடைக்குள் புதுத்துணி வாடையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து அடித்தது. கனகமணிக்குத் தொண்டை பிடித்துக்கொண்டு இருமல் வந்தது. மேனேஜர் குருநாதன் கும்பிட்டபடி வந்து, தானே லிப்டில் மூன்றாம் மாடிக்கு அழைத்துப்போனார். பட்டுப் பிரிவில் நாலு பெண்கள் கைகட்டி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரோரமாக நாலு நாற்காலி. உள்ளே இருக்கிற சிவப்பு மங்கலாகத் தெரிகிற அளவுக்குத் தடித்த பிளாஸ்டிக் உறை.

"பாத்துக்கிடுங்க மேடம். சட்டப்படி எல்லாம் வச்சிருக்கோம்," என்றார் குருநாதன். பிறகு குரலைத் தணித்தார். "புகார் குடுத்தது யாருன்னும் தெரியும். காலுல கட்டுப் போட்டுக்கிட்டு இந்த மாடியில நிக்கது ஒருத்திதான். எத்தனை வருசமா சோறு போட்ட கடை. இன்னையோட நின்னுக்கிடச் சொல்லியாச்சு."

கனகமணி அந்தப் பெண்கள் பக்கம் திரும்பவில்லை. இருமினாள். இருமி முடிக்கிற நேரத்துக்குள் சொல்ல வேண்டியதைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

"புகாருங்களா? யாருங்க குடுத்தா?"

"நோட்டீஸ்ல போட்டிருக்கே மேடம்."

"அதச் சொல்லத்தானுங்க நானே நேர்ல வந்தேன். அது பாடமுங்க. எங்க போன்ல ஒரு மிஷின் ஆளு மாதிரியே பேசி எங்களுக்குப் பரீட்சை வைக்கும். நாந்தான் நெசம்னு நெனச்சுப் பட்டனை அமுக்கித் தொலைச்சேன். ஒரு மனுசியும் எங்கிட்ட பேசலீங்க."

"மிஷினா?" குருநாதன் நம்பவில்லை. "காலு வீங்குனது வரைக்கும் சரியாப் போட்டிருக்கே?"

"நாளெல்லாம் நின்னு வேலை பாக்கற எந்தப் பொம்பளைக்குங்க காலு வீங்கல? அந்தக் கூறு மிஷினுக்குக்கூட இருக்குதுங்க."

குருநாதன் தாடையைத் தடவினார். "முதலாளி நம்பணும்லா? எழுதித் தருவீயளா?"

"தர்றனுங்க."

இசக்கிராஜ் அவள் காதருகே குனிந்தான். "மேடம், எழுதாதீய. பாடத்துக்கும் நெசத்துக்கும் வித்தியாசம் தெரியலன்னு நீங்களே எழுதிக் குடுத்தா பாஸ் போட மாட்டாவ. ஈரோடு போயிரும்."

"தெரியுமுங்க," என்று சொல்லிக்கொண்டே கனகமணி போனில் தட்டினாள். 'புகார் பயிற்சிப் பாடத்தைச் சேர்ந்தது. கடை ஊழியர் எவரும் புகார் தரவில்லை. தவறு என்னுடையது. நோட்டீஸ் ரத்து செய்யப்படுகிறது.' அனுப்பினாள். குருநாதனின் போன் கிணுங்கிற்று. அவர் படித்துப் பார்த்துவிட்டு, கட்டுப் போட்டிருந்த அந்தப் பெண்ணின் பக்கம் பார்க்க மாட்டாமல் தரையைப் பார்த்தார்.

"நம்மளும் அவசரப்பட்டுட்டோம்," என்றார் மெதுவாக. "இருந்துக்கிடட்டும்."

"வந்ததுதான் வந்தோம், பொது ஆய்வு ஒண்ணு முடிச்சிடறனுங்க. இந்தத் தெரு முச்சூடும் இன்னைக்குப் பாக்கறோம். உங்க கடையில இருந்தே ஆரம்பிக்கலாமுங்களா?" கனகமணி குனிந்து முதல் நாற்காலியின் உறையில் நகத்தை விட்டுக் கிழித்தாள். சரக்கென்று சத்தம் கேட்டது. "நாற்காலின்னா உக்காந்து பாக்கணுமுங்க. நான் உக்காந்தா செல்லாது, வேலை பாக்கறவங்கதான் உக்காரணும். ஒவ்வொருத்தரா உக்காந்து, உயரம் சரியா இருக்குதான்னு சொல்லுங்க."

முதல் பெண் நுனியில் தொற்றிக்கொண்டு, "நல்லாருக்கு மேடம்," என்றாள். இரண்டாமவள், "நல்லாத்தான் இருக்கு," என்றாள். மூன்றாவது சின்னப்பெண், "மெத்துனு இருக்கு மேடம்," என்று சொல்லிச் சிரிப்பை அடக்கினாள். மூன்றும் கனகமணி கேட்டறியாத குரல்கள்.

நாலாவது ஆள் உட்கார்ந்தாள். மாநிறம், நரை, காதில் சின்னத் தோடு, புடவை விளிம்புக்குக் கீழே துணிக்கட்டு. அவள் வாயைத் திறக்கவில்லை. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரிங்க," என்று சொல்லிவிட்டுக் கனகமணி அடுத்த மாடிக்கு நடந்தாள். திரும்பிப் பார்த்தால் கெட்டுவிடும் என்று திரும்பவே இல்லை. பொழுது சாய்வதற்குள் ரதவீதியில் இருவரும் ஏறி இறங்காத துணிக்கடை ஒன்றுகூட இல்லை.

மாதக் கடைசியில் மதிப்பெண் வரவில்லை. ஒரு செய்தி வந்தது. பராமரிப்பு வேலை நடந்ததால் இந்த மாதம் பாடம் எதுவும் அனுப்பவில்லை என்றும், சிரமத்துக்கு வருந்துவதாகவும் தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது.

இசக்கிராஜ் அதை இரண்டு தரம் படித்தான். "எதுவுமேன்னா? ஒண்ணுகூடவா அனுப்பல?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"அப்ப அந்தத் தாத்தா?"

அவன் போனைத் தேய்த்துத் தேய்த்து ஒரு எண்ணைத் தேடி எடுத்தான். கூப்பிட்டான். "தாத்தா, நாந்தான் ஆபீஸ்ல இருந்து. இல்ல, இல்ல, கேலி பண்ணல. நீங்க எங்க நிக்கீய? எந்த காம்பவுண்டு? அங்கேயே இருங்க, நான் வாரேன்." பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

கனகமணிக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. மேலதிகாரி கோபப்படுகிற ரகமில்லை. அலுத்துக்கொள்கிற ரகம்.

"பாடமே அனுப்பாத மாசத்துல பாடம்னு எழுதிக் கொடுத்து, ஒரு நல்ல நோட்டீஸை ரத்து பண்ணியிருக்கீங்களேம்மா?"

"எனக்கு வித்தியாசம் தெரியலீங்க சார்."

"வித்தியாசம் தெரியாத ஆளை நான் எப்படிம்மா பாஸ் பண்றது?"

"பண்ணாதீங்க சார்."

ஈரோடு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஆயிற்று. அன்று மகளைக் கூப்பிட்டு, "இன்னைக்கு என்னைய யாரு ஏசுனாங்க தெரியுமா கண்ணு?" என்று ஆரம்பித்தாள். மேலதிகாரியின் அலுப்புக்குரலை அப்படியே பேசிக் காட்டினாள். மிதுனா சிரித்து ஓய்ந்த பிறகு, "நீ எப்பம்மா வருவே?" என்று கேட்டாள். லீவு விட்டதும் நீயே இங்கே வந்துவிடு, அல்வா வாங்கித் தருகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் கனகமணிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் போன் அடித்தது.

"தாயி, நாந்தான். சாப்ட்டியா?"

கனகமணி எழுந்து ஜன்னலோரம் போனாள். "சாப்பிட்டனுங்க. நீங்க?"

"ஆச்சு. இன்னைக்கு உக்காந்துட்டுப் பேசுதேன் பாத்துக்க. கவரெல்லாம் உரிச்சாச்சு. எங்க கடைன்னு இல்ல, ரதவீதி பூராவும் உரிச்சுட்டாவளாம். குப்பை வண்டிக்காரன் ஏசிக்கிட்டே அள்ளிட்டுப் போனான்." சிரித்தாள். "கடைக்கு ஒரு ஆபீசரம்மா வந்தாவ. அப்படியே உன் குரலு. அசந்துட்டேன். எல்லாரும் பேசுனாளுவ, நான் வாயத் தொறக்கல. தொறந்தா அழுதிருப்பேன்."

"அப்படிங்களா."

"இத்தனை நாளும் உன்ன மிஷின்னுதான் நெனச்சேன். கடையில பிள்ளைக சொன்னாளுவ, அந்த நம்பர்ல மிஷின்தான் பேசும்னு. எனக்கும் அப்படித்தான் பட்டுது. எந்த ஆபீசரு என் காலு எப்படி இருக்குன்னு தெனமும் கேப்பாவ? பிள்ளை பேச மாட்டேங்குன்னு நீ சொன்னப்போ, மிஷினுக்கும் பிள்ளை இருக்க மாதிரி எழுதி வச்சிருக்காவளேன்னு நெனச்சேன். சரி, கேக்குதே, சொல்லி வைப்போம்னு சொன்னேன்."

கனகமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த அம்மா எழுதிக் குடுத்தாவளே, அதுல அவியளுக்கு எதும் கஷ்டம் வந்துச்சா?" என்று கேட்டது குரல். "கூட வந்த தம்பி ஈரோடு போயிரும்னு என்னமோ சொன்னது காதுல விழுந்துச்சு. உனக்கு எதும் தெரியுமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் காலோடு இந்தப் பாரத்தையும் சேர்த்து இந்த மனுஷி சுமக்க ஆரம்பித்துவிடுவாள்.

"எனக்கு எப்படிங்கக்கா தெரியும்?" என்றாள் கனகமணி. "நான் மிஷின்தானுங்களே."

அந்தப் பக்கம் யாரோ படியேறிப் போகிற செருப்பொலி கேட்டது.

"அப்படியா. சரி, மிஷினாவே இரு," என்றாள் கடைசியில். "அந்த அம்மாவப் பாத்தா ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்குப் பூராவும் இருமுனாவ. மிளகும் பனங்கல்கண்டும் தட்டிப்போட்டு நல்லாக் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லு. பெறகு, அவிய பிள்ளை ஊருக்கு வந்தா கடைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு. உக்காந்துக்கிட்டே நல்ல பாவாடைத்துணியா எடுத்துக் காட்டுதேன்."

"சொல்றனுங்க," என்றாள். போனைப் புடவையில் அழுத்திக்கொண்டு இருமினாள். அழுத்தியும் கேட்டிருக்க வேண்டும்.

"பாத்தியா, மிஷினுக்கும் இருமுது," என்றது குரல். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "என் பேரு வடிவு. எங்கயும் எழுதிராத, என்ன?"

"எழுத மாட்டனுங்க, வடிவக்கா."